இப்போதுதான் குடித்தேன்!

அஸர் தொழுதுவிட்டு வீடு திரும்பியிருக்கும் நேரம். வாசலில் ஸலாம் கேட்கிறது. வந்தவரைக் கூடத்தில் அமரச் செய்கிறோம். அடுத்து நம் வாயிலிருந்து வருவது ஒரு கேள்வி: "தேத்தண்ணீர் குடிக்கிறீங்களா?" அவர் வாயிலிருந்து வருவதும் ஊரறிந்த பதில்தான்: "வேணாம், இப்பத்தான் குடிச்சேன்." நாம் மறுபடியும் வற்புறுத்துகிறோம். அவர் மறுபடியும் மறுக்கிறார். மூன்றாவது தடவை, "சரி, அரைக் கிளாஸ் போதும்" என்கிறார். முழுக் கிளாஸையும் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுகிறார்.

நாள்தோறும் நடப்பதுதான். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் நினைக்கலாம். அந்த "இப்பத்தான் குடிச்சேன்" பொய்யா, இல்லையா என்பதே என் கேள்வி.

தேயிலையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்து அரபு நாடு அறியாது. ஆனால் இந்தக் கேள்வி அன்றே எழுந்துவிட்டது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் திருமண நாளன்று, அவர்களை அழைத்து வந்த பெண்களும் உடனிருந்தார்கள். ஒரு பாத்திரத்தில் பால் வந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் தாம் பருகிவிட்டு, வெட்கத்தால் தலை குனிந்திருந்த மணமகளுக்குக் கொடுத்தார்கள். பிறகு அந்தப் பெண்களுக்கும் கொடுக்கச் சொன்னார்கள். அவர்களோ தங்களுக்கு விருப்பமில்லை என்றார்கள். பசியோடு பொய்யையும் சேர்த்துக்கொள்ள வேண்டாமென்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். விருப்பமுள்ள ஒன்றை விருப்பமில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகுமா என்று அஸ்மா (ரலி) அவர்கள் வினவ, பொய் பொய்யாகவே எழுதப்படும், சிறு பொய் சிறு பொய்யாகவே எழுதப்படும் என்ற கருத்தில் பதில் கிடைத்தது. சுருக்கமாக இப்னு மாஜாவிலும், விரிவாக முஸ்னது அஹ்மதிலும் இந்த ஹதீஸ் வருகிறது. (இந்த அஸ்மா, உமைஸின் மகளார் என்று சிலர் அறிவித்திருக்கிறார்கள். அவர் அப்போது அபிசீனியாவில் இருந்தவராதலால், யஸீதின் மகளார் என்பதே பொருத்தமெனத் தோன்றுகிறது.)

"இது சம்பிரதாயமான பேச்சுத்தானே! கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். யாரை யார் ஏமாற்றுகிறார்கள்?" என்று ஒரு நண்பர் என்னோடு வாதிட்டார். அலட்சியப்படுத்தத் தக்க வாதமல்ல. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களே இஹ்யாவில், நாவின் தீங்குகளைப் பற்றிப் பேசுமிடத்தில், நூறு தடவை உன்னை அழைத்தேன் என்று ஒருவர் சொன்னால் அது எண்ணிக்கையைக் குறிப்பதல்ல, பலமுறை என்பதையே குறிக்கும், ஆகவே பல தடவை அழைத்திருந்தால் பொய்யாகாது என்று இடம் கொடுக்கிறார்கள். அப்படியானால் நம் "இப்பத்தான் குடிச்சேன்" என்பதற்கும் இடம் உண்டல்லவா? இல்லை. அதே இடத்தில்தான், உண்ணச் சொல்லும்போது எனக்கு விருப்பமில்லை என்று சொல்லும் பழக்கத்தை இமாமவர்கள் தனியே எடுத்து, தகுந்த காரணமில்லாவிட்டால் அது ஹராம் என்று கூறி, மேற்படி பால் சம்பவத்தையும் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஏன் இந்த வேறுபாடு? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நூறு தடவை என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் "வேணாம்" என்ற சொல்லை நம்பி ஒருவர் காரியம் செய்கிறார். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்குகிறார். வெளியூரிலிருந்து வந்தவருக்கு நம் ஊரின் மூன்று தடவைக் கணக்குத் தெரியாது. முதல் தடவையே "சரி" என்று விட்டுவிடுவார், நாம் தொண்டை வறண்டு உட்கார்ந்திருப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குச் சம்பிரதாயம் தெரியாது. பெரியவர் ஒன்றைச் சொல்லி வேறொன்றைச் செய்ததுதான் அதன் மனத்தில் பதிகிறது.

குற்றம் விருந்தாளி மீது மட்டுமா? அவரைப் பொய் சொல்ல வைத்தது நம் கேள்வியல்லவா? நபி இப்ராஹீம் (அலை) அவர்களிடம் அறிமுகமில்லாத விருந்தினர் வந்த வரலாற்றைத் தாரியாத் சூராவில் ஓதுகிறோம். ஸலாமுக்குப் பதில் சொன்னதும், அவர்கள் ஓசைப்படாமல் வீட்டாரிடம் சென்று கொழுத்த கன்றைச் சமைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். "சாப்பிடுகிறீர்களா?" என்று முன்னால் கேட்கவில்லை என்பதை இப்னு கஸீர் (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள் வியந்து குறிப்பிடுகிறார்கள். கேட்டால் விருந்தாளி கூசுவார். கூசுகிறவர் வாயில் முதலில் வருவது உண்மையாக இருக்காது. நம் வீட்டிலே கேள்வியில்லாமல் கிளாஸ் வந்துவிட்டால், பாதிப் பொய்கள் பிறக்காமலே போய்விடும்.

அந்த விருந்தினர்கள் உண்ணவில்லை என்பதையும் கவனியுங்கள். அவர்கள் மலக்குகள். கை நீட்டாததைக் கண்டு இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு அச்சம் ஏற்பட்டது. விருந்தாளி தொடாத தட்டு, கொடுத்தவர் நெஞ்சில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் மலக்குகள் "இப்போதுதான் உண்டோம்" என்று சொல்லவில்லை. தாங்கள் யார் என்ற உண்மையைச் சொல்லி அச்சத்தைப் போக்கினார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் உம்மு ஸுலைம் (ரலி) வீட்டில் பேரீத்தம்பழமும் நெய்யும் வைக்கப்பட்டபோது, தாம் நோன்பிருப்பதைச் சொல்லி, அவற்றை அவற்றின் பாத்திரங்களிலேயே திருப்பி வைக்கச் செய்தார்கள். பின்பு தொழுது அவ்வீட்டாருக்காக துஆச் செய்தார்கள். மறுப்பதற்கும் வழியிருக்கிறது. சர்க்கரை நோயென்றால் அதைச் சொல்லலாம். இரவில் உறக்கம் வராதென்றால் அதையும் சொல்லலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் தம்மிடம் வந்த இருவருக்கு ரொட்டியும் உப்பும் வைத்து, வலிந்து சிரமப்பட்டுக்கொள்வதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுக்காதிருந்தால் உங்களுக்காக இன்னும் செய்திருப்பேன் என்றார்கள். விருந்தாளி ஒருவர், உப்போடு கொஞ்சம் ஸஃதர் இலையும் இருந்தால் நன்றாயிருக்குமே என்றார். உடனே ஸல்மான் (ரலி) அவர்கள் தம் தண்ணீர்ப் பாத்திரத்தைக் கடைக்காரரிடம் அடகு வைத்து அதை வாங்கி வரச் செய்தார்கள். உண்டு முடித்த விருந்தாளி, கிடைத்ததைக் கொண்டு திருப்தியடையச் செய்த இறைவனைப் புகழ்ந்தார். நீர் திருப்தியடைந்திருந்தால் என் பாத்திரம் அடகுக்குப் போயிருக்காதே என்றார்கள் ஸல்மான் (ரலி). "கொஞ்சம் ஸ்ட்ராங்கா, பால் தூக்கலா" என்று கேட்கும் நம் நண்பர்களுக்கு இதைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

நம் முன்னோர்கள் வந்தவர்களுக்குத் தண்ணீரும் கருப்பட்டியும், மோரும், பதநீரும் கொடுத்தவர்கள். கண்டியை அடுத்த லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதே 1867-இல்தான். இந்தியாவில் 1903-இல் தேயிலைக்கென ஒரு வரி விதித்து, அந்தப் பணத்தைக் கொண்டு பிரசாரம் செய்து, மக்களுக்குக் காய்ச்சிக் கொடுத்துப் பழக்கினார்கள். இவ்வளவு புதிய பழக்கம், இன்று ஒரு மனிதரின் மதிப்பை அளக்கும் படியாகிவிட்டது. "தேத்தண்ணீர்கூடத் தரவில்லை" என்று உறவு முறிந்த வீடுகள் உண்டு. "எங்கள் வீட்டுத் தேத்தண்ணீர் அவருக்கு இறங்காதாம்" என்று மனமுடைந்த வீடுகளும் உண்டு.

இந்த இரண்டாவது குற்றத்தைச் செய்தவன் நான்.

1984-ஆம் ஆண்டு. எனக்கு இருபத்து நான்கு வயது. பள்ளிவாசல் காகிதம் ஒன்றை மோதினாரிடம் கொடுத்து வரும்படி வாப்பா அனுப்பினார்கள். மோதினாருக்கு அப்போது கிடைத்த சம்பளம் எவ்வளவு என்பது, பள்ளிக் கணக்கை எழுதிய எனக்குத் தெரியும். ஐந்து பிள்ளைகள். உள்ளே போனதும், "உட்காருங்க தம்பி, தேத்தண்ணீர் குடிக்கலாம்" என்றார். அந்தச் சம்பளத்தை நினைத்துக்கொண்டு, "வேணாம் காக்கா, இப்பத்தான் வீட்ல குடிச்சேன்" என்றேன். நான் குடித்திருக்கவில்லை. நல்லெண்ணத்தில்தான் சொன்னேன், பெரிய தியாகம் செய்ததாகக்கூட எண்ணிக்கொண்டேன். நான் படியிறங்கும்போது அவருடைய சின்ன மகன் பால் செம்பைத் துணியால் மூடிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தான். கதவுக்குப் பின்னாலிருந்து அவனுடைய உம்மா ஏற்கெனவே அனுப்பியிருக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை. பையன் என்னையும் செம்பையும் மாறி மாறிப் பார்த்தான். மோதினார் "சரி தம்பி" என்று மட்டும் சொன்னார்.

ஆறேழு மாதங்கள் கழித்து ஏதோ அலுவலாக அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உம்மா பிஸ்கட்டும் தேத்தண்ணீரும் கொடுத்தனுப்பினார்கள். நானே கொண்டுபோய் வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேணாம் தம்பி, இப்பத்தான் குடிச்சேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கிளாஸ் ஆறிப்போய் ஆடை படிந்து திரும்பி உள்ளே போனது.

அன்றிரவு நெடுநேரம் எனக்கு உறக்கமில்லை. அவருடைய செலவைக் குறைக்க நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவரிடம் கொடுப்பதற்கு இருந்தது அது ஒன்றுதான். அதை வாங்க மறுத்ததன் மூலம், வாங்குகிறவர் நீர், கொடுக்கிறவன் நான் என்றல்லவா அவருக்குச் சொல்லிவிட்டேன்! தங்கள் பங்கை விருந்தாளிக்கு வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, தாங்களும் உண்பதுபோல் இருந்த அன்ஸாரித் தம்பதியை அல்லாஹ் சிலாகித்தான். அவர்கள் மறைத்தது தங்கள் பசியை. கொடுக்கிறவர் தம் இல்லாமையை மறைக்க முயலும்போது, வாங்குகிறவர் அதைக் கண்டுகொண்டதாகக் காட்டலாமா?

மறுநாள் மஃரிபுக்குப் பிறகு நேரே மோதினார் வீட்டுக்குப் போனேன். ஸலாம் சொன்னேன். உட்கார்ந்தேன்.

"காக்கா, நான் இன்னும் தேத்தண்ணீர் குடிக்கல" என்றேன்.

அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்பக்கம் திரும்பி, "பால் இல்லையே, தம்பிக்குக் கருப்பட்டி போட்டுக் கொடுக்கவா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து பதில் வருவதற்குள், "இஞ்சியும் இருந்தால் தட்டிப் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டேன். ஸல்மான் (ரலி) அவர்களின் விருந்தாளியைப் பற்றி அப்போது நான் படித்திருக்கவில்லை.

நல்லவேளை, இஞ்சி இருந்தது.