பொய்த் தவளை

என்னிடம் ஒரு ரப்பர் தவளை இருக்கிறது, விரால் பிடிக்க வாங்கியது. மூணு வருஷமாக பெரம்பலூர், அரியலூர் ஏரிகளில் அடிபட்டதில் உடம்பெல்லாம் பல் தடம். ஓட்டை வழியா தண்ணி புகுந்தால் மிதக்காது. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பார்ப்பதுபோல வாளியில் அமுக்குவேன். குமிழி வரும் இடத்தைக் குறித்து, பிழிந்து காயவைத்து, சூடான ஊசியால் விளிம்பை உருக்கி மூடுவேன். இரட்டை முள்ளை அரத்தில் தீட்டுவேன். அழிந்த கண்ணை மார்க்கரால் வரைவேன்.

மாமா உயிருள்ள தவளையின் தொடையில் முள்ளைக் கோத்து வீசுவார். அது துடிப்பதைப் பார்க்க முடியாமல்தான் நான் ரப்பருக்கு மாறினேன். கருணையான பொய் என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஐப்பசியில் ஏரி ஓரம் தண்ணீர் கொப்பளித்தது. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து காற்றைக் குடித்துப் போயின. குஞ்சுகள் இருந்தால் கீழே காவலுக்குப் பெரிய விரால் இருக்கும். நடுவில் தவளையை வீசினேன். ரெண்டாவது வீச்சில் மாட்டியது.

“மாப்ள, அது திங்க வரலடா, வெரட்ட வந்துச்சு” என்று மாமா சிரித்தார்.

குழம்பு நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் போனபோது அதே இடத்தில் கொக்குகள் நின்றன.

தூண்டிலே பொய்தான். ஆனால் எல்லாப் பொய்யும் ஒன்றா? ‘லாட்டரி விழுந்திருக்கு’ என்று போனில் ஏமாற்றுபவனைவிட, ‘உங்க பையனுக்கு ஆக்சிடென்ட், உடனே பணம் அனுப்புங்க’ என்பவன் மேல் நமக்கு ஏன் அதிகம் கோபம் வருகிறது? முதலாமவன் ஆசையைப் பிடிக்கிறான், இரண்டாமவன் பாசத்தை. அங்கே எவ்வளவு நல்ல தகப்பனோ அவ்வளவு சீக்கிரம் மாட்டுவான்.

செத்த மீனுக்கு இதில் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். மீனுக்கு ஒன்றுமில்லை. குஞ்சுகளுக்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. கண்ணெதிரே துடித்த தவளைக்கு இரங்கினேன். தண்ணிக்குள்ளே இருந்தவற்றை நினைக்கவேயில்லை. என் கருணை கண்ணுக்கு எட்டும் தூரம்தான் போயிருக்கிறது.

தவளையைச் சரிசெய்து வைத்திருக்கிறேன். மீன் பிடிப்பதை விடப்போவதில்லை. குஞ்சுக்கூட்டத்தில் மட்டும் வீசுவதில்லை என்று மாமாவிடம் சொன்னேன்.

“நீ போடலன்னா வேற எவனாச்சும் போடுவான்.”

போடுவான்தான். அதற்காக நானும் போட வேண்டுமா?