கணக்குக் கேட்க யாருக்கு உரிமை?



ஊர்ப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது பிறர்சிநேகத்துக்கு விரோதமா? “நல்ல மனிதர்தானே, அவரைச் சந்தேகிக்கலாமா?” என்று சிலர் தயங்குவதுண்டு. அர்ச். சின்னப்பர் அப்படித் தயங்கவில்லை. எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்ந்த காணிக்கையைத் தனியே கையாள அவர் மனம் ஒப்பவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். சர்வேசுரனுக்கு முன்பாக மாத்திரமல்ல, மனிதருக்கு முன்பாகவும் கிரமமாய் நடக்க விரும்புவதாகக் கொரிந்தியருக்குக் காரணமும் எழுதினார். அப்போஸ்தலரே சாட்சி வைத்துக்கொண்டார் என்றால், நம் ஊர்த் தலைவர்களுக்கு அது எப்படி அவமானமாகும்? கணக்குக் கேட்பது பாவமல்ல. பணத்தைக் கையாளுகிறவனைச் சோதனையினின்று காக்கும் உபகாரம்.

சரி, கேட்க வேண்டியவர் யார்?

அமெரிக்காவில் பல மாநிலங்களில் தணிக்கை அதிகாரியை மக்களே வோட்டுப் போட்டுத் தெரிந்தெடுக்கிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2022-ம் ஆண்டு டயானா டிசோக்லியோ என்னும் பெண்மணி, சட்டசபையின் கணக்கையே சோதிப்பேன் என்று வாக்குக் கொடுத்து நின்று ஜெயித்தார். சபைத் தலைவர்கள் இணங்கவில்லை. 2024-ல் அந்தக் கேள்வி நேராக மக்களிடம் வந்தபோது, 100-க்கு 70 பேருக்கு மேல் “சோதிக்கட்டும்” என்றார்கள். அதன் பிறகும் தகராறு ஓயவில்லை.

நம் தேசத்தில் வழி வேறு. இங்கே தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தேர்தலில் நிற்பதில்லை; ஜனாதிபதி அவரை நியமிக்கிறார். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் முறையிலன்றி அவரை நீக்க முடியாது. பதவியை விட்டபின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு உத்தியோகம் அவருக்குக் கிடையாது. அரசியல் சட்டத்தில் ஒருவேளை இவரே மிக முக்கியமான உத்தியோகஸ்தர் என்று டாக்டர் அம்பேத்கர் 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் சொன்னார்.

ஏன் இத்தனை காவல்? சோதிக்கிறவன் ஒருவருக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கக் கூடாது. ஒருவரிடமும் ஒன்றையும் எதிர்பார்க்கக் கூடாது. வழி இரண்டானாலும் விதி ஒன்றே: கடன்பட்டவன் கணக்குக் கேட்க முடியாது.

இந்த விதி நம் வீட்டு வாசலுக்கும் வருகிறது. திருவண்ணாமலையானாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையத்தைச் சுற்றியுள்ள வேறெந்தக் கிராமமானாலும் சரி, வோட்டர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் அங்கத்தினர். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் சபை கூடுகிறது. பஞ்சாயத்தின் வரவு செலவைக் கேட்க அங்கே உங்களுக்கு உரிமையுண்டு. அன்று நீங்களே தணிக்கை அதிகாரி.

ஆனால் தேர்தலுக்கு முந்தின இரவு ஒரு கவரை வாங்கி மடியில் முடிந்துகொண்டவர், அன்று எழுந்து “ரோட்டுக்கு ஆன செலவு எவ்வளவு?” என்று கேட்பாரா? நாக்கு எழும்பாது. பணம் கொடுத்தவன் உங்கள் வோட்டை மட்டும் வாங்கவில்லை, உங்கள் கேள்வியையும் வாங்கிவிட்டான். 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்களும், 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் பணம் விளையாடியதால் நிறுத்தப்பட்டதை நாடே கண்டது.

“எவன் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன், வோட்டை மனச்சாட்சிப்படிதான் போடுவேன்” என்பாருண்டு. அப்போது லஞ்சத்தோடு வஞ்சகமும் சேருகிறது. அடுப்பெரியாத வீட்டில் வாங்கும் கையைவிட, அந்த வறுமையைத் தெரிந்து நீட்டும் கைக்கே பாவம் பெரிது, மெய்தான். ஆயினும் சட்டம் வாங்குகிறவனையும் குற்றவாளி என்றே சொல்கிறது. கொடுத்தவன் அந்தப் பணத்தைக் குழாயிலும் ரோட்டிலும் திரும்ப எடுக்கும்போது, அதிகம் இழப்பவனும் அந்த ஏழையே.

ஆகையால் “ஊழலை ஒழிப்பேன், கணக்கைத் திறப்பேன்” என்று ஒருவர் வோட்டுக் கேட்டு வந்தால், முதலில் அவர் தம்முடைய கணக்கைத் திறந்தாரா, உங்களுக்குக் காசு நீட்டினாரா என்று பாருங்கள். கோவில் உண்டியலும் நம் சபைகளின் பணமும் இவ்விதிக்கு விலக்கல்ல. அவற்றுக்கும் கணக்குக் கேளுங்கள்.

இரவு ஜெபத்தில் ஆத்தும சோதனை செய்கிறோமே, அது நம் சொந்தத் தணிக்கை. சுவிசேஷத்து உக்கிராணக்காரனைப் போல ஒருநாள் நாமும் எஜமானுக்கு முன்பாக நிற்போம். அயலானுடைய கணக்கை அன்று நம்மிடம் கேட்கமாட்டார்கள். அதுவரையில் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்வோம். அடுத்த கிராம சபைக்குக் குடும்பத்தோடு போய், மரியாதையாக, அச்சமின்றிக் கேட்போம்.