காண்போர் கடன்

ஒருவர் தாம் வரைந்த ஓவியத்தைத் தம் வீட்டுச் சுவரில் மாட்டினால் அது அவருடைய உடைமை. அதனையே ஊர்ப் பொதுமன்றத்தில் கொணர்ந்து மாட்டினால், அக்கணம் முதல் அது ஒரு கேள்வியாகி விடுகிறது. “நான் கண்டதை இங்கே வைத்திருக்கிறேன், நீங்களும் கண்டீர்களா?” என்பதே அக்கேள்வி. இதற்கு நாம் அளிக்கும் விடை பெரும்பாலும் ஒரே சொல்தான்: “அருமை.” இச்சொல்லைக் கூறும்போது நாம் ஒரு கடனைத் தீர்க்கிறோமா, அல்லது கடன்காரரைக் கண்டு வேறு தெருவில் திரும்புவார்போலத் தப்பிச் செல்கிறோமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய விழைகின்றோம்.

இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டியது நாமே செய்த ஒரு பிழை. அதனை முதலில் கூறிவிடுதலே முறை.

பெங்களூரில் நாம் வாழும் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் ஒரு சமுதாயக் கூடம் உண்டு. திருமண வரவேற்பு, யோகாசன வகுப்பு, குடியிருப்போர் சங்கத் தேர்தல், இரங்கற் கூட்டம் ஆகிய அனைத்துக்கும் அது ஒன்றே இடம். சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விடுமுறையில், குடியிருப்பில் உள்ளோர் வரைந்த ஓவியங்களை அங்கே காட்சிக்கு வைத்தனர். சுவரில் ஆணி அடித்தல் கூடாது என்று தடை இருந்தமையால், சன்னற் கம்பிகளுக்கு இடையே நைலான் கயிறு கட்டி, துணி உலர்த்தும் கிளிப்புகளால் படங்களைத் தொங்கவிட்டிருந்தனர். பள்ளிச் சிறுவரின் சூரியோதயங்கள், இல்லத்தரசியர் செய்த தஞ்சாவூர்ப் பாணிக் கண்ணன்கள், நம் அலுவலகத்தின் ஆவண அறையில் பணியாற்றிய நண்பர் ஒருவரின் நான்கு நீர்வண்ணப் படங்கள் என முப்பதுக்கு மேற்பட்டவை இருந்தன. வாயிலருகே மேசைமீது ஒரு கருத்துப் பதிவேடும் இருந்தது.

நாம் கால் மணி நேரம் அங்கிருந்தோம். அதிலும் பாதி, அகவிலைப்படி பற்றிய பேச்சில் கழிந்தது. புறப்படும்போது பதிவேட்டில், “அருமை. முயற்சி தொடர்க” என்று எழுதிக் கையொப்பமிட்டோம். படிக்காத கோப்பிலும் “பார்க்கப்பட்டது” என்று ஒப்பமிட்டுப் பழகிய கை அது.

விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று, தேநீர் வேளையில் அந்நண்பர் அருகில் வந்தார். வயதில் நமக்கு மூத்தவர், பதவியில் இளையவர், ஓய்வு பெறும் தறுவாயில் இருந்தவர். “நோட்டுல எழுதியிருந்தீங்க சார், ரொம்ப சந்தோஷம். என் படத்துல எது உங்களுக்குப் பிடிச்சுது?” என்று கேட்டார். நாம் ஒரு நொடியும் தயங்கவில்லை. “கதவோரமா இருந்ததே, தென்னமரமும் குடிசையும், அதுதான்” என்றோம். அவர் சற்றே பொறுத்து, முகம் மாறாமல், “அது மூணாவது மாடிப் பொண்ணு வரைஞ்சது சார். அஞ்சாவது படிக்குது. நல்லாத்தான் வரைஞ்சிருக்கு” என்று கூறிவிட்டுத் தம் தம்ளரைக் கழுவச் சென்றார்.

அவர் சினந்திருந்தால் நமக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சினக்கவில்லை. இத்தகைய விடைகள் அவருக்குப் புதியன அல்ல என்பதை அந்த அமைதி உணர்த்திற்று.

அன்றிரவு நம் மனம் நமக்காக வாதாடத் தொடங்கியது. குற்றமற்ற நன்மையை விளைக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் இடமளித்துள்ளார் அன்றோ? எளியவர் ஒருவர் ஆர்வத்தோடு செய்த முயற்சியை ‘அருமை’ என்பதால் யாருக்கு என்ன கேடு? இதுவே அவ்வாதம்.

கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆயினும் வள்ளுவர் இட்ட நிபந்தனையை உற்று நோக்கினால் அது நம் பக்கம் நிற்கவில்லை. நன்மை விளைய வேண்டும். அந்நன்மையிலும் குற்றம் இருத்தலாகாது. நாம் சொன்ன ‘அருமை’ யாருக்கு நன்மை செய்தது? படத்தின் முன் நிற்கும் தொல்லையிலிருந்து அது நம்மை விடுவித்தது. வரைந்தவருக்கோ, தாம் காணப்படவில்லை என்னும் செய்தியை, நான்கு நாள் தாமதமாகக் கொண்டு சேர்த்தது. பிறர் நலத்துக்காகச் சொல்லப்பட்டதுபோல் தோன்றித் தன் நலத்துக்காகச் சொல்லப்படும் பொய்யை வள்ளுவர் விலக்களித்த பொய்களில் சேர்த்தல் இயலாது.

மற்றொரு வாதமும் எழுந்தது. நாம் ஓவியம் கற்றவர் அல்லோம். கோட்டின் நயமும் வண்ணத்தின் இசைவும் அறியோம். அறியாதார் தீர்ப்புக் கூறுவதினும் பொதுவாகப் பாராட்டி விலகுதல் பணிவன்றோ?

இதற்கு விடை பரிபாடலிலேயே கிடைக்கிறது. திருப்பரங்குன்றத்தில் ஓவியங்கள் தீட்டப்பெற்ற ‘எழுத்துநிலை மண்டபம்’ ஒன்று இருந்ததை அந்நூல் காட்டுகிறது. காமனும் இரதியும், பூனை வடிவில் நழுவும் இந்திரனும், அகலிகையும், சினந்த கௌதமனும் அங்கே தீட்டப்பட்டிருந்தனர். முருகனை வழிபட வந்த மக்கள், இவர் யார், இது என்ன என்று ஒருவரை ஒருவர் வினவினர். அறிந்தோர் சுட்டிக்காட்டி விளக்கினர். வந்தோர் யாவரும் ஓவியப் புலவர் அல்லர், திருவிழாக் கூட்டத்தினரே. ஆயினும் அவர்கள் தீர்ப்பும் கூறவில்லை, வெறும் புகழ்ச்சியும் கூறவில்லை, கேட்டனர். அறியாதவன் உண்மையாகச் சொல்லத் தக்க முதற்சொல் கேள்வியே. நமது பணிவு என்பது, கேட்பதற்குச் சோம்பிய சோம்பலுக்கு நாம் சூட்டிய நல்ல பெயர்.

அவ்வாறாயின் குறை கூறலாமோ? அண்டை வீட்டாரிடம் குறை கூறினால் உறவு முறியாதோ? நம் தெருக்களைப் பார்ப்போம். நம் நாட்டில் மிகப் பெரிய ஓவியக் காட்சி நாள்தோறும் விடியலில் வாயிற்படிகளின் முன் நடைபெறுகிறது. கோலம் போடுகின்ற எவரிடமும் தகுதிச் சான்று கேட்பாரில்லை. அதற்காக, எல்லாக் கோலமும் ஒன்றே என்று சொல்வாரும் இல்லை. மார்கழிக் காலையில் எதிர்வீட்டு அம்மையார், “என்னடி, இந்த மூலையில ஒரு புள்ளியை விட்டுட்டியே” என்பார். போட்டவர் குனிந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு திருத்துவார். உறவு முறிவதில்லை. புள்ளியைத் தவறாமல் எண்ணிப் பார்த்த கண்ணிலிருந்து வந்த சொல் அது; ஆகவே அதில் அன்பும் உண்மையும் ஒன்றாகவே இருந்தன. எண்ணாமல் சொல்லும் குறையும் புண்படுத்தும். எண்ணாமல் சொல்லும் புகழும் புண்படுத்தும்.

அடுத்த ஞாயிறன்று நண்பரின் வீட்டுக்குச் சென்றோம். கட்டிலுக்கு அடியிலிருந்து நான்கு படங்களையும் எடுத்து விரித்தார். ஒன்றில் வெளிர்சாம்பல் நிறத்தில் நீண்டதொரு வடிவம் அடிவானை மறைத்துக் கிடந்தது. மழைமேகம் என்று எண்ணினோம், ஆயினும் இம்முறை எண்ணியதைச் சொல்லாமல், “இது என்னது?” என்று கேட்டோம்.

“சயனைடு மேடு சார். எங்க ஊரு.”

அவர் கோலார் தங்கவயலில் பிறந்தவர். தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர். மூன்று கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழம் கொண்ட, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று அது. தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தன. வெட்டிய பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தபின் எஞ்சிய தூளைப் பன்னெடுங்காலம் கொட்டிக் கொட்டி எழுந்தவையே அக்குன்றுகள். 2001ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன, குன்றுகள் நிலைத்துவிட்டன. காற்று வீசும் மாதங்களில் அத்தூள் வீட்டுக்குள் வந்து பாத்திரங்களில் படியும் என்றார். நான்கு படங்களிலும் வானுக்குக் கீழே ஒரு வெண்புகை படர்ந்திருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. “பொன்னெல்லாம் போயிடுச்சு, இது மட்டும் நின்னுடுச்சு சார்” என்று அவர் படத்தைத் தடவினார்.

மேட்டின் அடியில் நின்ற மனிதர்கள் மரப்பாச்சிபோல விறைத்திருந்தனர். அதனையும் கூறினோம். “எனக்கும் தெரியுது சார். மேடு வருது, மனுஷன்தான் வரமாட்டேங்கறான்” என்றார். அதன்பின் ஒரு மணி நேரம், மனிதன் ஏன் வரவில்லை என்பதைப் பற்றியே பேசினார். பதிவேட்டில் நாம் எழுதிய சொல்லுக்கு இல்லாத மலர்ச்சி, இக்குறையைக் கேட்டபோது அவர் முகத்தில் இருந்தது.

இக்கடன் குடியிருப்புக் கூடத்தோடு முடிவதன்று. இதே பெங்களூரில் கர்நாடக சித்திரகலா பரிஷத் 2003ஆம் ஆண்டு முதல் குமர கிருபா சாலையில் சித்திரச் சந்தையை நடத்தி வருகிறது. பெரும்பாலும் சனவரித் திங்களின் ஒரு ஞாயிறன்று அச்சாலையே காட்சிக்கூடம் ஆகிவிடும். அண்மை ஆண்டுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியர் நடைபாதையில் தம் படங்களைப் பரப்பி அமர்கின்றனர். காண்போர் வெள்ளமோ அதனினும் பெரிது. அவ்வெள்ளத்தில் பலர் படத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கைப்பேசியில் தம் உருவத்தையே பிடித்துக்கொண்டு நகர்வதையும் காண்கிறோம். அவர்களைப் பழிக்க நமக்குத் தகுதியில்லை. நாம் பதிவேட்டில் செய்ததும் அதுவே.

ஓவியருக்கு வேண்டுவது பார்வையோ, விலையோ என்று சிலர் வினவலாம். இரண்டும் வேண்டும். ஆனால் விலையைப் பிற வழியிலும் ஈட்டலாம். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்கு அருகே சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்த கலைஞர், பத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயால் ஓவியப் பணியைக் காத்தனர். உணவை வேறு உழைப்பால் தேடிக்கொள்ள முடிந்தது. காண்பவரின் கண்ணையோ எவ்வுழைப்பாலும் தாமே செய்துகொள்ள முடியாது. அதனைப் பிறர்தாம் தரவேண்டும். நம்மால் படம் வாங்க இயலாதிருக்கலாம். அரை நாழிகை நின்று பார்க்க இயலாத ஏழை எவரும் இலர்.

நண்பர் ஓய்வு பெற்றுத் தங்கவயலுக்கே திரும்பிவிட்டார். மறு ஆண்டுக் காட்சியில் அவருடைய படங்கள் இல்லை. கதவோரத்தில் அதே சிறுமியின் படம் இருந்தது. இம்முறையும் ஒரு தென்னை, ஒரு குடிசை. அவளுக்கும் நாம் கடன்பட்டவர் என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் படத்தை நாம் நினைவில் வைத்தது அதனைக் கண்டதனால் அன்று, வழியில் இருந்ததனால். ஆகவே நின்று பார்த்தோம், பிறகு, “இந்த வீட்டுக்கு ஏம்மா கதவே இல்லை?” என்று கேட்டோம்.

அவள் திரும்பித் தன் படத்தையே சிறிது நேரம் நோக்கினாள். “அய்யோ, மறந்துட்டேன் அங்கிள்!” என்று கூறிப் பென்சில் தேடி ஓடினாள். அவள் வந்து கதவை வரைந்து முடிக்கும் வரை அங்கேயே நின்றோம். பதிவேட்டில் அன்று நாம் எதுவும் எழுதவில்லை.