காரணமற்ற அச்சமும் பழியும்

அஞ்சுதல் குற்றமாகுமா என்பது நீதிநூல் வல்லார் பலகாலும் ஆராய்ந்த வினா. யாம் ஈண்டு ஆராயப் புகுவது அதன் ஒரு கூறே. புலியுமில்லை, பாம்புமில்லை, அடுப்பிற் சோறு கொதிக்கின்றது. அந்நிலையில் ஒரு பெண்ணுக்கு நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, மேனி வியர்த்து, இக்கணமே உயிர் போகின்றதென்னும் அச்சம் மேலிடுகின்றது. சில நிமிடங்களுள் உச்சத்தை எய்தி அது தணிந்துவிடும். மீண்டும் வருமோ என்னும் அச்சமோ தணிவதில்லை. இதனைப் பீதிநோய் என்பர் வைத்தியர். அயலார் பாசாங்கென்பர்.

ஆடவர்க்கு இத்தகைய துன்பம் நேர்ந்துழி உலகம் வேறு விதமாகப் பேசிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சு படபடப்புற்ற படைஞரை ஆராய்ந்த டா கொஸ்தா என்னும் வைத்தியர், 1871இல் அதனை இருதயப் பிணியென எழுதி, போர்க்களத்து அல்லலை அதற்கு ஏதுவாகக் காட்டினார். பெண்ணின் நடுக்கத்துக்கோ கருப்பையே ஏதுவென நெடுங்காலம் கூறப்பட்டது. ஹிஸ்டீரியா என்னுஞ் சொல்லே கருப்பையைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. படைஞன் நின்ற களத்தை வினவியோர், அவள் வளர்ந்த வீட்டைப் பெரும்பாலும் வினவினாரல்லர்.

வினவியவிடத்து விடை கிடைத்தது. அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்து இரட்டைப் பெண்கள் 1,411 பேரை ஆராய்ந்து கென்ட்லர் முதலியோர் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இளமையிற் பாலியற் கொடுமைக்குள்ளான பெண்கட்கு மனநோய்கள் மிகுதியும் வரக் கண்டனர். பரம்பரைக் குணமே ஏதுவாகாதோவெனின், அற்றன்று. ஒரே கருவறையிற் கிடந்து ஒரே வீட்டில் வளர்ந்த இருவருள் ஒருத்தி தீங்குற்று மற்றையவள் உறாதவிடத்தும், தீங்குற்றவட்கே நோய் வருதல் மிக்கிருந்தது.

இதனாற் பீதியுற்றார் அனைவரும் இளமையில் இடர்ப்பட்டோரென்று துணிதல் தவறு. இடர்ப்பட்டோருட் பலர் இந்நோயின்றி வாழ்கின்றனர். இடரேதுமின்றி வளர்ந்தோர்க்கும் அது வருகின்றது. நடுங்கும் மகளைக் கண்டவுடன் பெற்றோரைக் குற்றவாளியாக்குதலும் ஒருவகைக் கொடுமையே.

ஆயினும், தன் விருப்பின்றி எழுந்த நடுக்கத்துக்கு ஒருவரைப் பழித்தல் அறமாகாது. ஓயாத அச்சத்தில் வளர்ந்த குழந்தையின் உடல், ஆபத்தை முன்னறிந்து விழித்திருக்கப் பழகிவிடுகின்றது. அப்பழக்கம் அன்று அதற்குக் காவல். பின்னாளிற் படியேறிய படபடப்பையும் அது சாவின் குறியெனக் கொள்ளும். அதனால் அச்சம் மிகும். அச்சத்தாற் படபடப்பு மேலும் மிகும். இச்சுழலை அறுத்தல் இயலும். மூச்சை விரைவாக விட்டும் நின்றவிடத்தே ஓடியும் படபடப்பைத் தானே வருவித்து, அதனால் உயிர் போகாதென்பதை நோயாளி கண்டறியச் செய்யும் பயிற்சி இன்று வைத்தியத்தின் ஒரு கூறாயுள்ளது. அதற்கு வேண்டுந் துணிவு சிறிதன்று.

ஆசிரியர்காள்! பெயர் சொல்லி அழைத்தவுடன் வெளிறி நிற்கும் சிறுமி நம் வகுப்பிலும் இருத்தல் கூடும். அடியாத மாடு படியாதென்பார் உளர், மாணாக்கி மாடல்லள். அவளைப் பலர் முன் பயந்தாங்கொள்ளி என்னாது, தனியே மெல்ல வினவுக. வீட்டில் அவட்குத் தீங்கு நிகழ்தலை அறியின், குடும்ப மானங் கருதி வாளாவிராது, காக்கவல்ல அதிகாரிகட்கு அன்றே அறிவிக்க.