பாக்ஸ்டர் வாங்கிய மலை

அமெரிக்காவின் மேய்ன் மாநில ஆளுநராக இருந்த பெர்சிவல் பாக்ஸ்டர், கட்டாடின் மலையை மக்களுக்காக வாங்கச் சொல்லிச் சட்டமன்றத்தைக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். பதவிக்காலம் முடிந்தபின், 1930 தொடங்கி 1962 வரை, சொந்தப் பணத்தில் துண்டு துண்டாக வாங்கி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் மாநிலத்துக்கே கொடுத்தார். காடு என்றும் காடாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இன்றும் அங்கே கூடாரம் அடிப்பவர்களுக்கு மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. அந்த இல்லாமையைத்தான் நான் பெரிய கொடை என்பேன். அங்குள்ள ஓடைகளில் வாழும் புரூக் ட்ரவுட் மீனுக்கு உயிர்வளி நிறைந்த குளிர்நீர் வேண்டும். நீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே திணறும். காடு காடாகவே இருப்பதால் கிடைக்கும் கரையோர மரநிழல்தான் ஓடையைக் குளிர வைக்கிறது. அங்கே சில குளங்களில் செயற்கை ஈயைக் கட்டித்தான் தூண்டில் வீசலாம், புழுவுக்கு அனுமதியில்லை. அந்தக் கண்டிப்பும் எனக்குப் பிடித்திருக்கிறது.