தலைக்கனம் இறங்கினால்…



விளாத்திகுளத்துல இருந்து செந்தூருக்குப் பாதயாத்திரையாகப் போய், பௌர்ணமி ராத்திரி கடற்கரையில உட்கார்ந்திருந்தேன். சுமார் 3,84,000 கி.மீ. தள்ளி இருக்கிற நிலா, தொடாமலே கடலை ஏத்தி இறக்குது. நியூட்டன் 1687-ல் சொன்ன விதிப்படி பூமியும் நிலாவை அதே விசையோடதான் இழுக்குது. இழுப்பு சமம், ஆனால் கனம் குறைஞ்சதுதான் அதிகம் நகரும்.

நானும் அண்ணனும் பேசி ரெண்டு வருஷம். யார் முதல்ல இறங்கிப் போறது? பாசம் ரெண்டு பக்கமும் இருக்கு. என்னை நகரவிடாம வெச்சிருந்தது என் தலைக்கனம்தான். அங்கேயே போன் போட்டேன். "சாப்ட்டியாடா?"ன்னு கேட்டான்.

முருகன் எப்பவும் நம்மை இழுத்துக்கிட்டுத்தான் இருக்கான். கனத்தை இறக்கி வைக்கிறது நம்ம வேலை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!