மணல்வெளியில் ஒரு பாடம்

திருச்சி தென்னூரிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். நாடக வகுப்பில் பிள்ளைகளைப் புதிதாக ஒரு சடங்கு உருவாக்கச் சொல்லும் ஆசிரியர், முதலில் அவர்களை இங்கே வேடுபறி பார்க்க அழைத்து வரலாம்.

வேடுபறி நடப்பது வைகுண்ட ஏகாதசி விழாவில், இராப்பத்து என்னும் பத்து நாள்களில் எட்டாம் நாள். ஆயிரங்கால் மண்டபத்தையொட்டிய மணல்வெளியில் கோயிலின் உற்சவர் நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் வருகிறார். குதிரை முன்னும் பின்னுமாக விரைகிறது. திருமங்கை மன்னன் வழிமறிக்கிறார். கொள்ளையடிக்க வந்தவர் திருமந்திர உபதேசம் பெற்று ஆழ்வாராகிறார். மேடையும் இல்லை, திரையும் இல்லை. கதை எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் குதிரை ஓடும்போது கூட்டமே சேர்ந்து ஆரவாரிக்கிறது.

அதே விழாவில் நடக்கும் அரையர் சேவையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தலையில் கூம்புக் குல்லாய், கையில் தாளம்; பாசுரத்துக்கு ஒருவரே பாட்டும் அபிநயமும். இதை ஏற்படுத்தியவர் நாதமுனிகள் என்பது வைணவ மரபு. ஆக, இதையும் ஒருவர் யோசித்துத்தான் தொடங்கியிருக்கிறார்!

வகுப்புக்குத் திரும்பியதும் இவற்றை அப்படியே நடிக்க வைக்கக் கூடாது. அது பிறர் வழிபாட்டை வேடமாக்கிவிடும். பிள்ளைகள் தங்களுக்கு உண்மையிலேயே முக்கியமான ஒன்றை எடுக்கட்டும்: பள்ளியை விட்டுப் போகும் தோழி, புயலில் சாய்ந்த வேப்பமரம். எங்கே நிற்பது, யார் முதலில் நடப்பது, கையில் எதை ஏந்துவது, எந்தச் சொல்லை மூன்று முறை சொல்வது என்று அவர்களே தீர்மானிக்கட்டும். பார்வையாளர் வரிசை மட்டும் வேண்டாம்; ஆசிரியரும் வட்டத்துக்குள் நிற்கட்டும்.